சைக்கிள் கடைக் கம்ப்யூட்டர் பார்த்த பொருத்தம்

எங்கள் வாகைமங்கலத்தில் புத்திசாலிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவர்களைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? வேலையைப் பார்ப்பார்கள், வீட்டுக்குப் போவார்கள், கதவைச் சாத்திக்கொள்வார்கள். கதை வேண்டுமென்றால் கொம்பையாவின் வாடகை சைக்கிள் கடைக்குத்தான் வரவேண்டும். அதற்கு எதிர்த்தாற்போல் என் பூக்கடை. கை பூக்கட்டும், காது அங்கே இருக்கும். சிரித்துச் சிரித்து எத்தனை பேருக்கு முழம் தப்பாக அளந்து கொடுத்தேனோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

அந்தக் கடையில் ஒரு சங்கம் இருந்தது. கொம்பையா தலைவர். பால் சொசைட்டியில் எழுத்தர் வேலை பார்த்த கோமதிநாயகம் செயலாளர். தையல்காரர் ஆவுடையப்பன் பொருளாளர். கடையில் பஞ்சர் ஒட்டுகிற செந்தட்டி உறுப்பினர். உறுப்பினர் என்றால் அவன் ஒருத்தன்தான். "உறுப்பினர்கள் கை தூக்கவும்" என்று கொம்பையா சொன்னால் செந்தட்டி மட்டும் தூக்குவான். "ஏகமனதாக நிறைவேறியது" என்று கோமதிநாயகம் எழுதிக்கொள்வார். அது என்ன சங்கம் என்று மட்டும் யாருக்கும் தெரியாது. கேட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்று நானும் கேட்டதில்லை.

கோமதிநாயகத்தின் மச்சினன் சிங்கப்பூரிலிருந்து ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்த பிறகுதான் அது கம்ப்யூட்டர் சங்கம் ஆனது. பெட்டி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். முறம் அகலம் இருக்கும். மேலே டைப்ரைட்டர் மாதிரிக் கட்டைகள். தனியாகத் திரை கிடையாது, டிவியோடு வயரைக் கோத்துக்கொள்ள வேண்டும். பேசிக் என்று ஒரு பாஷையாம். அந்தப் பாஷையில் நம்பர் போட்டு வரி வரியாகச் சொன்னால், சொன்னதைச் செய்யும். சொன்னதை மட்டும்தான் செய்யும், சொந்தமாக யோசிக்காது. அப்படிப்பட்டவர்கள் எங்கள் தெருவில் ஏற்கெனவே நாலு பேர் இருந்தார்கள். அஞ்சாவது ஆள் சிங்கப்பூரிலிருந்து வந்து சேர்ந்தது, அவ்வளவுதான்.

பெட்டியோடு ஒரு இங்கிலீஷ் புத்தகமும் வந்தது. கோமதிநாயகம் அதை வாசித்துத் தமிழில் சொல்ல, மற்றவர்கள் பயபக்தியோடு கேட்பார்கள். "காற்றோட்டமான இடத்தில் வைக்கவும்" என்று முதல் பக்கத்தில் இருந்தது. செந்தட்டி உடனே சைக்கிள் பம்பை எடுத்து வந்து பெட்டியின் ஓட்டைகளில் காற்றடிக்க ஆரம்பித்துவிட்டான். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. பின்னால் ஆவுடையப்பன் கட்டை விரலால் அழுத்திப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் ஏத்தலாம்லே" என்பார்.

அடுத்த பக்கத்தில், வரிகளுக்கு நம்பர் போடும்போது பத்து, இருபது, முப்பது என்று இடைவெளி விட்டுப் போட வேண்டும், பிற்பாடு ஏதாவது சேர்க்க வேண்டி வந்தால் நடுவில் இடம் வேண்டும் என்று இருந்தது.

கொம்பையா மெய்சிலிர்த்துப் போனார். "எப்பேர்ப்பட்ட ஏற்பாடு! நம்ம சங்கத்துக்கும் நாளப்பின்ன ஆளு சேருவாங்கல்லா? இப்பமே நெருக்கி உக்காந்துட்டா பொறவு வாரவன் எங்கன உக்காருவான்?"

அன்றிலிருந்து கூட்டம் நடக்கிற விதம் மாறியது. தலைவர் கடை பெஞ்சில். நடுவே ஒன்பது ஆளுக்கு இடம் விட்டு, செயலாளர் என் பூக்கடை வாசலில். அதற்கப்புறம் ஒன்பது ஆள் தள்ளிப் பொருளாளர் தண்ணீர்த் தொட்டிப் பக்கம். கடைசியில் செந்தட்டி பஸ் ஸ்டாண்டில். தீர்மானத்தைக் கத்தித்தான் சொல்ல வேண்டும். அது செந்தட்டிக்குப் போய்ச் சேர்வதற்குள் இங்கே கூட்டம் கலைந்திருக்கும். அவன் மட்டும் பஸ் ஸ்டாண்டில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பான். போகிற வருகிற பஸ் எல்லாம் நின்று நின்று போகும். கண்டக்டர்கள் திட்டாத திட்டு இல்லை.

இன்னொரு தொல்லை, கரண்ட் போனால் பெட்டிக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் மறந்துவிடும்.

"ரொம்ப நல்ல குணம். எம் பொண்டாட்டிக்கு இந்தக் குணம் மட்டும் இருந்தா நான் ராஜா" என்றார் கொம்பையா.

மறக்காமல் இருக்க டேப் ரிக்கார்டரில் பதிந்து வைக்கவும் என்று புத்தகத்தில் இருந்தது. வயரைக் கோத்துப் பதிய வேண்டுமாம். இவர்கள் எங்கே வயரைக் கோத்தார்கள்? கோமதிநாயகம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எல்லா வரியையும் டேப் ரிக்கார்டர் முன்னால் கணீரென்று வாசித்தார். பிறகு அந்தக் கேசட்டைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் போட்டுக் காட்டினார்கள். நாலு பேரும் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

"அதுக்குக் கேக்குதா அண்ணாச்சி?" என்றான் செந்தட்டி.

"கேக்காமலா? குறுக்க ஒரு வார்த்தை பேசுதா பாரு. மரியாதை தெரிஞ்ச மிசின்லே அது" என்றார் கொம்பையா.

இதெல்லாம் சும்மா விளையாட்டு. வினை எங்கே வந்தது என்றால் டிவியில் வந்தது. எங்கள் தெருவில் டிவி இருந்தது மாவு மில் பேச்சிமுத்து அண்ணாச்சி வீட்டில் மட்டும்தான். கறுப்பு வெள்ளை டிவி, மரப்பெட்டிக்குள் கண்ணாடி பளபளவென்று இருக்கும். சங்கத்துக்காரர்கள் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கி, சாயங்காலம் சாயங்காலம் பெட்டியை அங்கே தூக்கிக்கொண்டு போனார்கள். தூக்குகிறவன் செந்தட்டி. கதவைத் திறக்கிறவள் அண்ணாச்சியின் மகள் உலகம்மாள்.

உலகம்மாள் நல்ல பிள்ளை. பிளஸ் டூ முடித்துவிட்டு அப்பாவுக்கு மில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். அவளுக்குச் செந்தட்டியைப் பிடித்துப்போனது. ஏன் பிடித்தது என்று என்னைக் கேட்காதீர்கள், நான் அவளையே கேட்டேன். "அக்கா, அவரு ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்ல. சொல்லத் தெரியாது பாவம்" என்றாள். செந்தட்டிக்கோ அவளைப் பார்த்தால் கை கால் ஓடாது. அவளுடைய சைக்கிள் டயருக்கு அன்பு மிகுதியில் காற்றை ஏற்றி ஏற்றி, ஒரு நாள் அது கோயில் வெடி மாதிரி நடுத்தெருவில் வெடித்தது. இரண்டு பேரும் அதற்கும் சிரித்துக்கொண்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது, ஏனென்றால் கிழிந்த டயர் வந்து விழுந்தது என் மல்லிகைப் பந்தின்மேல்.

கொம்பையா போய் முறைப்படி பெண் கேட்டார். பேச்சிமுத்து அண்ணாச்சி மேலும் கீழும் பார்த்தார்.

"நாலு பேரு இருக்க சங்கத்துல மூணு பேருக்குப் பதவி இருக்கு. அதுல ஒண்ணுகூட வாங்கத் துப்பில்லாத பயலுக்கா எம் பொண்ணு?"

ஆனால் மகள் அழுது சாப்பிடாமல் கிடந்ததும் மனுஷர் இறங்கி வந்தார். டவுனில் கம்ப்யூட்டர் ஜாதகம் என்று போர்டு போட ஆரம்பித்திருந்த காலம் அது. அண்ணாச்சிக்கு ஜோசியர்கள்மேல் நம்பிக்கை போயிருந்தது, மிஷின்மேல் வந்திருந்தது. மாவு மில்காரர் அல்லவா!

"ஜோசியன் காசு வாங்கிட்டு மாத்திச் சொல்லுவான். மிசின் பொய் சொல்லாது. இந்தப் பெட்டி பொருத்தம் உண்டுன்னு சொன்னா தாரேன். இல்லன்னா வெள்ளிக்கிழமை தென்காசிக்காரங்க பொண்ணு பாக்க வாராங்க, அவங்களுக்குத் தட்டு மாத்திருவேன்" என்று முடித்துவிட்டார்.

 செந்தட்டி அன்றைக்கு என் கடை முன்னால் வந்து நின்று, "அக்கா, அந்தப் பெட்டிக்கு நான் நாள் தவறாமக் காத்தடிச்சிருக்கேன். அது என்னக் கைவிடாதுல்லா?" என்று கேட்டான். கண்ணில் தண்ணீர். சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை எனக்கு.

கோமதிநாயகத்துக்குத் தபாலில் வருகிற ஒரு மாதப் பத்திரிகையில், பேசிக்கில் எழுதின புரோகிராம்கள் போடுவார்கள். வீட்டில் இருப்பவர்கள் பார்த்துப் பார்த்து அடித்துக்கொள்ளலாம். அந்த மாதம் பார்த்துத் "திருமணப் பொருத்தம்" என்றே ஒரு புரோகிராம் வந்திருந்தது. தலைப்புக்குக் கீழே கொட்டை எழுத்தில், "ஓர் எழுத்தும் விடாமல், ஓர் எழுத்தும் மாற்றாமல் அப்படியே அடிக்கவும்" என்று போட்டிருந்தது.

பேச்சிமுத்து வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அடித்தார்கள். கோமதிநாயகம் ஒவ்வொரு எழுத்தாக வாசிக்க, ஆவுடையப்பன் ஊசி கோக்கிற கவனத்தோடு ஒற்றை விரலால் அடித்தார். நான் உலகம்மாளுக்குப் பூக் கொடுக்கப் போனவள், அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

நடுவில் கோமதிநாயகத்துக்கு இருமல் வந்தது. ஆவுடையப்பன் விரல் அந்தரத்தில் நின்றது.

"இருமலுக்கு எந்த எழுத்துவே?"

கொம்பையா யோசித்தார். "இருமலா, செருமலா? அத முதல்ல சொல்லும்."

"இருமல்தான் அண்ணாச்சி. நெஞ்சுலேர்ந்து வந்துது."

"அப்பம் கே போடு, ஹெச் போடு. ரெண்டு தடவை வந்துதுல்லா, ரெண்டு தடவை போடு. விடக்கூடாதுன்னு போட்டுருக்கு."

புரோகிராம் பாதியில் பக்கம் முடிந்து, அடுத்த பக்கத்தில் மேல்பாதி பூராவும் கூந்தல் தைல விளம்பரம். அதையும் கோமதிநாயகம் விடவில்லை. முடி உதிர்வா, பொடுகா, இன்றே வாங்குங்கள் என்பதுவரை தமிழை இங்கிலீஷ் எழுத்தாக்கி வாசித்தார். கடைசியில் புரோகிராமுக்கு அடியில் பொடி எழுத்தில், "இது விடை திரையில் எப்படி வரும் என்பதற்கான உதாரணம் மட்டுமே. பொருத்தம் பார்க்கும் கணக்கு அடுத்த இதழில்" என்று இருந்தது. அதையும் கணீரென்று வாசித்தார். ஆவுடையப்பன் அதையும் அடித்தார். அடித்தார்களே தவிர, என்ன சொல்லியிருக்கிறது என்று ஒருத்தராவது காதில் போட்டுக்கொண்டார்களா என்றால், இல்லை.

பெட்டி தப்பு தப்பு என்று திரையில் கத்தியது. எங்கே தப்பு என்று அரை நாள் ஆராய்ச்சி. செந்தட்டி தலையைச் சொறிந்துகொண்டு, "அதுக்குத் தலைமுடி கிடையாதே, தைலத்தச் சொன்னா கோவம் வராதா?" என்று கேட்டான். எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. தைலத்தை எடுத்தார்கள். இருமலையும் எடுத்தார்கள். பொடி எழுத்தையும் எடுத்தார்கள். மன்னிப்பாக ஒரு சூடம் காட்டினார்கள். பெட்டி சமாதானமாகிவிட்டது.

திரையில் பையன் நட்சத்திரம் கேட்டு ஒரு கேள்விக்குறி வந்தது. பூராடம் என்று அடித்தார்கள். பெண் நட்சத்திரம் கேட்டது. அனுஷம் என்று அடித்தார்கள். பேச்சிமுத்து அண்ணாச்சி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். உலகம்மாள் கதவுக்குப் பின்னால் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். செந்தட்டி கண்ணை மூடிக்கொண்டான்.

திரையில் இங்கிலீஷ் எழுத்துகள் வந்தன. கோமதிநாயகம் வாசித்தார்.

"ரகு, கமலா. பொருத்தம் உண்டு. திருமணம் நடத்தலாம்."



"ரகு யாருலே?" என்றார் பேச்சிமுத்து.

யாருக்கும் தெரியவில்லை. எங்கள் ஊரில் பாதிப் பேர் சுடலை, மீதிப் பேர் மாடன். ரகுவுக்கு எங்கே போவது?

கொம்பையா, "அவசரப்படாதீங்க, சோதிச்சுப் பாப்போம்" என்று தன் நட்சத்திரத்தையும் தன் மனைவி பிச்சம்மாள் நட்சத்திரத்தையும் போடச் சொன்னார். ரகு, கமலா, பொருத்தம் உண்டு. பேச்சிமுத்து தன்னுடையதையும் காலமான மனைவியுடையதையும் போட்டார். ரகு, கமலா. மில்லில் நின்ற ஜோடி மாடுகளுக்கும் போட்டார்கள். அதற்கும் ரகு, கமலாதான்.

கோமதிநாயகம் பெருமூச்சு விட்டார். "அந்த ரகுவுக்கு என்ன யோகம்வே! யாரு ஜாதகத்தக் குடுத்தாலும் அவனுக்குல்லா கல்யாணம் கூடி வருது!"

கொம்பையா அன்றைக்கு வீட்டுக்குப் போய், "பிச்சு, நம்ம கல்யாணத்துல ஏதோ ஆள்மாறாட்டம் நடந்துருக்கு. உண்மையச் சொல்லு, உனக்குக் கமலான்னு பேரு உண்டா?" என்று கேட்டாராம். மறுநாள் நெற்றியில் கரண்டி அளவுக்கு வீக்கத்தோடு கடை திறந்தார்.

உலகம்மாளுக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பத்திரிகையை வாங்கிப் பார்த்துவிட்டு நேரே சொன்னாள்: "இந்தா இந்த வரியில ரகு, கமலான்னு நீங்கதான அடிச்சு வச்சிருக்கீங்க! அந்தப் பேர எடுத்துட்டு எங்க பேரப் போட்டா முடிஞ்சு போச்சு!"

நாலு பேரும் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கோயில் சிலையைத் திருடச் சொன்ன மாதிரி.

"என்ன தாயி பேசுத? அச்சுல வந்தத மாத்தவா?" என்றார் கோமதிநாயகம். "ஓர் எழுத்தும் மாத்தக்கூடாதுன்னு கொட்ட எழுத்துல போட்டுருக்கான்."

செந்தட்டியும், "அது தப்பு உலகு" என்றான். பாவிப்பயல். அவனுக்காகப் பேசினவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

தண்ணீர்த் தொட்டிக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் குரல் கொடுத்து அவசரக் கூட்டம் நடந்தது. வரியை மாற்றக்கூடாது, ஆகையால் ஆளை மாற்றுவது என்று முடிவாயிற்று. செந்தட்டிக்கு ரகு என்று பெயர் வைத்துவிட்டால் பாதிக் காரியம் முடிந்தது. உலகம்மாளுக்குக் கமலா என்று வைத்துவிட்டால் மீதியும் முடிந்தது. செந்தட்டி பஸ் ஸ்டாண்டில் கை தூக்கினான். மதுரை வண்டி நின்று போனது.

"பேரு வைக்கதுன்னா முறைன்னு ஒண்ணு இருக்கு. தொட்டில் கட்டணும்" என்றார் கொம்பையா.

வியாழக்கிழமை காலையில் சைக்கிள் கடை உத்தரத்தில் பிச்சம்மாளின் சேலையில் தொட்டில் கட்டினார்கள். மீசை முளைத்த செந்தட்டியைக் குளிப்பாட்டி, நெற்றியில் மை வைத்து, உள்ளே படுக்கப் போட்டார்கள். முழங்காலுக்குக் கீழே வெளியில் தொங்கியது. கோமதிநாயகம் சீனித்தண்ணியை நாக்கில் தொட்டு வைத்தார். கொம்பையா காதுக்குள் குனிந்து, "ரகு, ரகு, ரகு" என்றார். ஆவுடையப்பனுக்கு ஆசை, ஆட்டிவிட்டார்.

சேலை கிழிந்தது. செந்தட்டி போய் விழுந்த இடத்தில் வாடகை சைக்கிள் வரிசை. முதல் சைக்கிள் சாய, அடுத்தது சாய, கடைசி சைக்கிள் தெருவைத் தாண்டி உருண்டு என் பூ வாளிக்குள் வந்து விழுந்தது. செந்தட்டி இடுப்பைப் பிடித்துக்கொண்டு அலறினான்.

"அழுதுட்டான், அழுதுட்டான்! பிள்ளை நல்ல ஆரோக்கியம்" என்று மூன்று பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

நொண்டி நொண்டி நடந்தவனைப் பேச்சிமுத்து வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். "அண்ணாச்சி, ரகு வந்துருக்கான்" என்றார் கொம்பையா.

அண்ணாச்சி நிதானமாகக் கேட்டார். "பேரு என்னைக்கு வச்சீங்க?"

"இன்னைக்குத்தான். சூடு ஆறல."

"அப்ப ரகுவுக்கு வயசு என்ன?"

இதை யாரும் யோசிக்கவில்லை. கோமதிநாயகம் விரலை மடக்கப் பார்த்தார், மடக்க ஒன்றும் இல்லை. ஆவுடையப்பன் மெதுவாக, "விடிஞ்சா ஒரு நாள் ஆகும் அண்ணாச்சி" என்றார்.

"நேத்துப் பெறந்த... இல்ல, இன்னைக்குப் பெறந்த பச்சப் பிள்ளைக்கு எப்படிவே எம் பொண்ணக் குடுக்கது? போலீசு பிடிச்சிற மாட்டான்? இருபத்தோரு வருசம் போவட்டும், வளந்து வா, பாப்போம்."

"நியாயம்" என்றார் கொம்பையா. "நியாயம்" என்றார்கள் மற்ற இருவரும். செந்தட்டி அழுதுகொண்டே, "நியாயந்தான்" என்றான். உள்ளே இருந்து உலகம்மாள் ஒரு சொம்பைத் தூக்கி எறிந்த சத்தம் கேட்டது. நானாக இருந்தால் அண்டாவை எறிந்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தென்காசிக்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை, அவனுடைய அம்மா, ஒரு தாய்மாமன். நான் பூவோடு போயிருந்தேன். உலகம்மாள் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு காப்பி கொண்டுவந்து வைத்தாள். சங்கத்துக்காரர்களையும் அண்ணாச்சி வரச்சொல்லியிருந்தார், சம்பந்தி வீட்டார் முன்னால் பெட்டியைக் காட்டிப் பெருமையடிக்க வேண்டுமே. அடித்தது மறந்துவிடக்கூடாதே என்று பெட்டியை அணைக்காமல் அங்கேயே வைத்திருந்தார்கள். வயர் ஒரு இடத்தில் லொடலொடவென்று ஆடும், யாராவது பிடித்துக்கொண்டே இருந்தால்தான் படம் தெரியும். பிடிக்கிற வேலை செந்தட்டிக்கு. தன் வாழ்க்கை கை நழுவிப் போவதைப் பார்த்துக்கொண்டு அந்த வயரைக் கைநழுவ விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். விட்டுத் தொலையேன்டா என்று நான் கண்ணைக் காட்டினேன். அவன் இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

"மாப்பிள்ளை பேரு?" என்று அண்ணாச்சி அப்போதுதான் கேட்டார். அதுவரை எல்லாருக்கும் அவன் தென்காசி மாப்பிள்ளைதான்.

"ரகுநாதன். வீட்ல ரகும்போம்" என்றாள் அந்த அம்மா.

அண்ணாச்சி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "ரகுவா! கொம்பையா, ரகு வந்துட்டாருவே!" கொம்பையா ஓடிப்போய் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். செந்தட்டியின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை.

நட்சத்திரங்களைப் போட்டார்கள். பெட்டி சொல்ல வேண்டியதைச் சொன்னது. மாப்பிள்ளையின் அம்மா படித்தவள், தானே வாசித்தாள். "ரகு, கமலா, பொருத்தம் உண்டு." வாசித்துவிட்டுத் திரும்பினாள். "உங்க பொண்ணு பேரு உலகம்மாள்னுல்லா சொன்னீங்க? இது யாரு கமலா?"

மாப்பிள்ளைக்கு வேர்த்து ஊற்றியது.  "இதுக்கு... இதுக்கு யாரு சொன்னா?" என்று பெட்டியைப் பார்த்து நடுங்கினான். "அம்மா, நானே சொல்லணும்னுதான் இருந்தேன். எங்க ஆபீஸ் டைப்பிஸ்ட்மா. நல்ல பொண்ணும்மா."

"ஏலே!" என்றாள் அம்மா. அவ்வளவுதான், அதற்கப்புறம் அவள் சொன்னதையெல்லாம் எழுத முடியாது. தாய்மாமன் செருப்பைத் தேட, அம்மா மகனின் காதைப் பிடிக்க, காது ஒரு பக்கமும் மாப்பிள்ளை ஒரு பக்கமுமாகத் தெருவில் போனார்கள்.

பெட்டியின்மேல் இருந்த மரியாதை வானத்துக்குப் போய்விட்டது. அண்ணாச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "தென்காசியில நடக்குறது இங்கன இருக்க மிசினுக்குத் தெரியுது பாரேன்! இனி இது சொல்றதுதான் எனக்கு வேதம். எம் பொண்ணுக்கு யாருன்னு கடைசியா ஒரு தடவை கேப்போம்."

"எனக்குச் செந்தட்டிதான் வேணும்ப்பா" என்று உலகம்மாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். "வேற யாரையும் கட்ட மாட்டேன். இந்த டிவி முன்னாலயே உக்காந்து கெழவியாப் போவேன்."

"மிசின் சொல்லட்டும்" என்றார் அண்ணாச்சி.

பூராடம், அனுஷம். ரகு, கமலா என்று வந்தது. அண்ணாச்சி தலையில் கை வைத்தார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

திரை கறுத்தது. தெருவுக்கே போயிருக்கிறதா, இந்த வீட்டுக்கு மட்டுமா என்று பார்க்க, தலைவரும் செயலாளரும் பொருளாளரும் ஃபியூஸ் பெட்டிப் பக்கம் ஓடினார்கள். வாசல் வழியாகச் சாயங்கால வெயில் கூடத்துக்குள் வந்துகொண்டிருந்தது. செந்தட்டி இன்னும் வயரை விடவில்லை. உலகம்மாள் போய் அவன் பக்கத்தில் நின்று, "போதும், விடுங்க" என்று அவன் கையைப் பிடித்தாள்.

அண்ணாச்சி கறுத்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று கத்தினார்.

"தெரியுது! தெரியுதுவே!"

கறுத்த கண்ணாடியில் செந்தட்டியும் உலகம்மாளும் கையைப் பிடித்துக்கொண்டு ஜோடியாக நின்றார்கள்.

"இவ்வளவு நாளும் எழுத்துல சொல்லிச்சு, நமக்குப் புரியலன்னு இப்பப் படமாவே காட்டிருச்சு! கரண்டே இல்லாம காட்டுதுன்னா அது எவ்வளவு உறுதியா இருக்கும்!" அண்ணாச்சி தேம்பித் தேம்பி அழுதார். செந்தட்டி "மாமா!" என்று காலில் விழுந்தான். உலகம்மாள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அது கண்ணாடி என்று சொல்ல இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. வருமா?

ஆனால் அண்ணாச்சி இன்னும் உற்றுப் பார்த்தார். குனிந்து கிட்டத்தில் போய்ப் பார்த்தார்.

"ஆமா, இவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு ஆளு நிக்கானே. தொப்பையும் வழுக்கையுமா. யாரு அது?"

ஃபியூஸ் பார்க்கப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து, அண்ணாச்சி பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்கள். சந்தேகமே இல்லை.

"அது நீங்கதான் அண்ணாச்சி" என்றார் கோமதிநாயகம்.

"நானா? நான் எதுக்கு?"

கொம்பையா தலைவருக்குரிய கம்பீரத்தோடு சொன்னார்: "மிசின் காட்டினா காட்டினதுதான். ஓர் ஆளும் விடக்கூடாது, ஓர் ஆளும் மாத்தக்கூடாது. நீங்களும் பொருத்தத்துல சேத்தி."

 அண்ணாச்சி மிஷினை எதிர்த்துப் பேச மனசில்லாமல் தலையை ஆட்டிவிட்டார்.

தை மாசம் கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. மாலை நான்தான் கட்டினேன், மூன்று மாலை. மறுநாள் பெண்ணை அனுப்பி வைக்கிற நேரம். செந்தட்டி வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம். வேன் வந்து நின்றது. அண்ணாச்சி மகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "உன்னப் பிரிஞ்சு எப்படித் தாயி இருப்பேன்" என்று குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுது முடித்து, கண்ணைத் துடைத்துவிட்டு, தானும் ஒரு டிரங்குப் பெட்டியோடு அதே வேனில் ஏறி மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும், தன்னை வழியனுப்பி அழ யாருமில்லையே என்று மறுபடியும் அழுதார்.

வேன் கிளம்பும்போது ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டார். "வடிவு, போற எடத்துல எப்படி நடந்துக்கிடணும்? ஏதாவது புத்தி சொல்லேன்."

எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான். "காலைல சீக்கிரம் எந்திரிங்க அண்ணாச்சி" என்றேன்.

சொன்னதைச் செய்கிறார். இன்றைக்கும் போய்ப் பாருங்கள், விடிகாலையில் செந்தட்டி வீட்டு வாசலைத் தெளித்துக் கோலம் போடுவது பேச்சிமுத்து அண்ணாச்சிதான். கோலம் சுமாராகத்தான் இருக்கும். ஆனால் மாமியார் வீட்டில் இதுவரை ஒரு குறையும் சொன்னதில்லையாம்.